தனி ஊசலில் எல்லாருக்கும் 9.8 தானா? பள்ளி ஆய்வகத்தில் உண்மையாக அளக்க வைப்பது எப்படி?

மேலூர் இயற்பியல்

வணக்கம். மேலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன் ரெக்கார்டு நோட்டுகள் மேசையில் குவிந்திருக்கின்றன. தனி ஊசல் சோதனையில் வகுப்பு முழுவதுக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றே வந்திருக்கிறது. சிலருக்கு மட்டும் 9.81. அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது, விடையை முதலில் எழுதிவிட்டு அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். ஸ்டாப் வாட்ச்சைக் கையால் அழுத்தும்போது ஒரு 0.2 நொடி முன்பின் ஆவது இயல்பு. 1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுகள் முடிய ஏறத்தாழ 40 நொடி ஆகும். 40-ல் 0.2 என்பது அரை சதவீதம். சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் அது ஒரு சதவீதமாகிவிடும். ஆக, மிகக் கவனமாக அளந்த பிள்ளைக்கும் 9.7 முதல் 9.9 வரை எங்கே வேண்டுமானாலும் விடை விழலாம். வகுப்பு முழுவதும் ஒரே எண் வருகிறது என்றால் அங்கே அளவீடே நடக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் இந்த மதிப்பு 9.780, துருவத்தில் 9.832. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கே இருப்பதால் நமக்கு 9.78-ஐ ஒட்டித்தான் வரும். 9.81 ஐரோப்பா பக்கத்து மதிப்பு. நம் பிள்ளைகள் தாங்கள் நிற்கும் மண்ணை அளக்காமல் வேறு யாரோ அளந்ததை எழுதுகிறார்கள்.

மற்ற ஆசிரியர்கள் என்ன செய்கிறீர்கள்? ஊசல் மட்டுமில்லை. வெர்னியர், திருகு அளவி, பியூரெட், தராசு எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

டியூஷன் மாஸ்டர், அண்ணாநகர்

டீச்சர், சொல்வது சரிதான். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பார். 9.5 என்று இருந்தால் முகம் மாறும். கொடுத்த நேரத்துக்குள் சூத்திரம், அட்டவணை, கணக்கீடு, முடிவு எல்லாம் எழுத வேண்டும். மறுபடி அளக்க நேரமும் கிடையாது, கருவியும் கிடைக்காது. ஒரு வெர்னியருக்கு நாலு பிள்ளைகள் காத்திருக்கும் ஆய்வகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த நிலையில் பிள்ளையிடம் “வந்ததை எழுது” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண் போனால் அதன் படிப்பு போகிறது.

திருமங்கலம் அம்மா

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் பிளஸ் ஒன். ஊசல் சோதனையில் அவளுக்கு 10.8 வந்ததாம். “தப்பு, மாற்றி எழுது” என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி செய்தும் 10.8 பக்கமே வந்ததாம். நேற்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். கருவி கெட்டுப்போயிருக்குமா டீச்சர்?

மேலூர் இயற்பியல்

அம்மா, மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வாட்ச்சை அழுத்தும்போது வாயில் என்ன எண் சொன்னாள்? “ஒன்று” என்று சொல்லி அழுத்தியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. “இருபது” என்னும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம் 5 சதவீதம் குறையும். சூத்திரத்தில் அதன் இருமடியால் வகுப்பதால் விடை 10.8 வரை ஏறிவிடும். மறுபடி செய்தும் அதே எண் வந்திருக்கிறது என்றால் கை நிதானமாகத்தான் இருந்திருக்கிறது, எண்ணத் தொடங்கிய இடம்தான் பிசகு. நான் வகுப்பில் “மூணு, ரெண்டு, ஒண்ணு, சுழி” என்று இறக்கி எண்ணி, சுழியில் அழுத்தச் சொல்வேன்.

தவறான விடை எங்கே பிசகியது என்பதையும் சேர்த்துச் சொல்லும் என்பதால்தான் அதை மாற்றி எழுதச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் இரண்டு சொல்கிறேன். 50 செ.மீ. நூல் கட்டி, குண்டின் ஆரமான 1 செ.மீ.யைச் சேர்க்க மறந்தால் நீளம் 2 சதவீதம் குறைந்து விடை 9.6 ஆகும். குண்டை ஆசையாக 30 டிகிரி வரை இழுத்து விட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும், விடை 9.45 பக்கம் இறங்கும். 9.45 என்று ஒரு நோட்டில் பார்த்தால் அந்தப் பிள்ளை எப்படிக் குண்டை விட்டது என்று என்னால் ஊகிக்க முடியும். 9.8 என்று பார்த்தால் எதையும் ஊகிக்க முடியாது.

அப்புறம், குண்டு ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடத்தில் வாட்ச்சை அழுத்தாதீர்கள். அங்கே அது மெதுவாகி நிற்பதுபோல் இருப்பதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதை ஒரே திசையில் தாண்டும்போது அழுத்த வேண்டும்.

திருமங்கலம் அம்மா

கேட்டேன் டீச்சர். “ஒன்று” என்று சொல்லித்தான் அழுத்தினாளாம். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் பழைய நேரத்தையே 19-ஆல் வகுத்துப் பார்த்தாள். 9.77 வந்தது! ரொம்ப நன்றி.

கப்பலூர் லேத்

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. என் பையனும் பிளஸ் ஒன்தான், அதனால் எட்டிப் பார்த்தேன். டியூஷன் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஐ.டி.ஐ. முடித்தும் டிப்ளமோ முடித்தும் பையன்கள் வருகிறார்கள். திருகு அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, என்ன என்று கேட்டால் 0.01 மி.மீ. என்று டக்கென்று சொல்வார்கள். கையில் அதே திருகு அளவியை, நாங்கள் மைக்ரோமீட்டர் என்போம், கொடுத்தால் கொடுக்காப்புளி நசுக்குவதுபோல் இறுக்குவார்கள். பின்னால் இருக்கிற ராட்செட் எதற்கு என்றே தெரியாது. அதைப் பிடித்துத் திருகினால்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தம் கிடைக்கும். “டிக் டிக்” என்று இரண்டு மூன்று தடவை சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். பெரிய உருளையைப் பிடித்து இறுக்கினால் கம்பி நசுங்கும், சட்டமும் கொஞ்சம் விரியும். 0.02, 0.03 அங்கேயே போய்விடும்.

அளப்பதற்கு முன்னால் இரண்டு முகங்களுக்கும் நடுவில் சுத்தமான தாளை வைத்து லேசாக மூடி, தாளை உருவி எடுங்கள். முகத்தில் இருக்கும் தூசியும் எண்ணெயும் அதோடு வந்துவிடும். எங்கள் பட்டறையில் காலையில் மெஷின் போடுவதற்கு முன் இதுதான் முதல் வேலை. அப்புறம் சுழி பார்ப்போம்.

கம்பியை ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். ஓர் இடத்தில் அளந்ததும் கால் சுற்றுத் திருப்பி அதே இடத்தில் மறுபடி பாருங்கள். கம்பி முழு வட்டமாக இருக்காது. நாலைந்து இடம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பிள்ளைகள் அட்டவணையில் ஐந்து வரியிலும் ஒரே எண்ணை எழுதுவதை என் பையன் நோட்டிலேயே பார்த்தேன். உண்மையான கம்பியில் அப்படி வராது.

சூட்டையும் கவனிக்க வேண்டும். லேத்தில் இருந்து கழற்றிய ஜாப், அதாவது கடைந்த பொருள், சூடாக இருக்கும். இரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 11, 12 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். 100 மி.மீ. ஜாப் 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 0.05 மி.மீ. அதிகமாகக் காட்டும். ஆறிய பிறகு அளந்தால் பத்தாது, ரிஜெக்ட். உலகம் முழுக்கத் தொழிற்சாலை அளவுகளுக்கு 20 டிகிரிதான் கணக்கு. மதுரை வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் ஜாப்பும் கருவியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்போம்.

திருமங்கலம் அம்மா

மகள் பக்கத்தில் இருந்து கேட்கிறாள்: சுழிப்பிழையை எப்போது கூட்ட வேண்டும், எப்போது கழிக்க வேண்டும்? மனப்பாடம் செய்தும் மாறிப்போகிறதாம்.

மேலூர் இயற்பியல்

மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. கருவியை மூடினால் நடுவில் ஒன்றும் இல்லை, அது சுழி காட்ட வேண்டும். மூடிய நிலையிலேயே திருகு அளவியின் 100 பிரிவுள்ள தலைக்கோலில் 5-ஆம் பிரிவு புரிக்கோலின் கோட்டோடு ஒன்றினால், ஒன்றுமில்லாததற்கே அது 0.05 மி.மீ. சொல்கிறது. இனி எதை அளந்தாலும் 0.05 கூடுதலாகவே சொல்லும், அதனால் கழிக்க வேண்டும். 95-ஆம் பிரிவு ஒன்றினால் அது சுழிக்கு வராமல் கீழே போய்விட்டது என்று அர்த்தம். 5 பிரிவு குறைவாகச் சொல்கிறது, அதனால் 0.05 கூட்ட வேண்டும். வெர்னியரிலும் இதே கேள்விதான்: மூடியிருக்கும்போது கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா? நேர், எதிர் என்ற பெயர்கள் அதற்குப் பிறகு தானாக வரும்.

கப்பலூர் அண்ணே, ராட்செட் பற்றி எழுதியதை அப்படியே வகுப்பில் வாசிக்கப் போகிறேன்.

உசிலை வேதியியல்

வேதியியல் பக்கமும் இதே கதைதான். தரம் பார்த்தலில் மூன்று முறை செய்து ஒத்த மதிப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு முறை செய்துவிட்டு அடுத்த இரண்டையும் அதே எண்ணால் நிரப்புகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை பியூரெட்டை வாசிக்கும் விதம். பியூரெட்டில் ஒரு சிறு பிரிவு 0.1 மி.லி. மேசைமேல் நிறுத்தி வைத்துவிட்டு நின்ற வாக்கில் மேலிருந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழையில் ஒரு முழுப் பிரிவு போய்விடும். கண் திரவ மட்டத்துக்கு நேராக வர வேண்டும். முட்டி மடக்கிக் குனிய வேண்டும், அல்லது தாங்கியை இறக்க வேண்டும். நான் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்வேன்.

தண்ணீர்போல் நிறமில்லாத கரைசலுக்குப் பிறைத்தளத்தின், அதாவது வளைந்த திரவ மேற்பரப்பின், அடிப்பகுதியை வாசிக்க வேண்டும். அடர்ந்த நிறமுள்ள பெர்மாங்கனேட்டில் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மேல் விளிம்பு. எதைப் பார்த்தாலும் தொடக்கத்திலும் முடிவிலும் அதையே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அடியைப் பார்த்துவிட்டு முடிவில் மேல் விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் முழுவதும் விடையில் உட்கார்ந்துகொள்ளும்.

பியூரெட்டின் அடைப்பானுக்குக் கீழே, நுனியில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. நடுவில் அந்தக் குமிழ் வெளியேறினால், குடுவையில் விழாத கரைசலும் விழுந்ததாகக் கணக்கில் ஏறும். நிரப்பிய புனலை எடுத்துவிட வேண்டும், அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நம் பள்ளிகளில் இருக்கும் 20 மி.லி. பிப்பெட், அந்தத் துளி நுனியில் தங்கும் என்று கணக்கிட்டுத்தான் குறியிடப்பட்டது. குடுவையின் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும். வாயால் உறிஞ்சவும் வேண்டாம், ரப்பர் பல்ப் வாங்கி வையுங்கள்.

பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால். குடுவையையும் கரைசலால் அலசிவிட்டால் பிப்பெட்டில் அளந்து என்ன பயன்?

டியூஷன் மாஸ்டர், அண்ணாநகர்

உசிலை சார், ஒரு சந்தேகம். கண்ணாடிக் குடுவைகளில் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறதே. ஏப்ரல், மே மாதத்தில் நம் ஆய்வகம் 38 டிகிரிக்கு மேல் போகிறது. அப்படியானால் எல்லா அளவும் தப்புதானே?

உசிலை வேதியியல்

நல்ல கேள்வி சார். தண்ணீர் 27 டிகிரியில் மி.லி.க்கு 0.9965 கிராம், 38 டிகிரியில் 0.993 கிராம். 100 மி.லி.க்கு 0.35 கிராம் வித்தியாசம், அதாவது 0.35 சதவீதம். தரம் பார்த்தலில் இரண்டு கரைசல்களும் ஒரே அறையில் ஒரே அளவு விரிவதால் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். ஆனால் 20 மி.லி.யில் 0.1 மி.லி.யைத் தப்பாக வாசித்தால் அதுவே 0.5 சதவீதம். வெயிலை விடக் கண்தான் பெரிய பிழை செய்கிறது.

ஒரே ஓர் இடத்தில் சூடு முக்கியம். உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டு, ஆறுவதற்கு முன்பே அளவுக் குடுவையின் கோடு வரை நிரப்பக் கூடாது. ஆறியதும் மட்டம் இறங்கிவிடும்.

ஆய்வக உதவியாளர், சோழவந்தான்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆய்வகத்தில் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும் துடைத்து வைப்பதும் என் வேலை. பிள்ளைகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கருவி சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது. மர மீட்டர் அளவுகோல்களில் முனை தேய்ந்திருக்கும். சுழியிலிருந்து வைக்காமல் 10 செ.மீ. கோட்டிலிருந்து வைத்து, கடைசியில் 10-ஐக் கழித்துக்கொள்ளச் சொல்வேன். பீக்கரில் இருக்கும் கோடுகளை நம்பி அளக்கவே கூடாது. அவை தோராயத்துக்குத்தான், 5 சதவீதம் வரை போகும். அளவு சாடி அதைவிட நல்லது. அதையும் சரிந்த மேசையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

வெர்னியர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயம் போதும். 2011 முதல் வரும் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதிகம் தேயாத நாணயமாக எடுத்து, சுழித்திருத்தம் செய்த பிறகு 2.70 செ.மீ. வருகிறதா பாருங்கள். 2.7 என்று எழுதும் பிள்ளையை நிறுத்தி, அந்தக் கடைசிச் சுழியையும் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சுழிக்காகத்தான் வெர்னியரையே கையில் எடுக்கிறோம்.

மின்னணுத் தராசுக்கு மேலே மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். எங்கள் ஆய்வகத்தில் எடை போடும் நேரம் மட்டும் விசிறியை நிறுத்துகிறோம். வேர்த்துக் கொட்டும், ஆனாலும் வேறு வழி இல்லை.

ஆவணி மூல வீதி தராசு

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடையில் எடை போடும் வேலை. மேலே இருப்பவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில். ஒரு சவரன் 8 கிராம், அதில் பத்து மில்லிகிராம் மாறினாலும் வாடிக்கையாளர் கேட்பார். காலையில் முதலில் தராசின் காலடியில் இருக்கும் குமிழ் வட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா பார்ப்போம். அப்புறம் கல் வைத்துச் சோதனை. ஆண்டுக்கு ஒரு தடவை எடையளவு அதிகாரிகள் வந்து சோதித்து முத்திரை போடுவார்கள். பள்ளித் தராசுக்கு முத்திரை தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நல்ல 100 கிராம் சோதனைக் கல் கட்டாயம் வாங்கி வையுங்கள். கல்லைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். விரல் எண்ணெயும் எடைதான்.

சூடான பொருளைத் தட்டில் வைக்காதீர்கள். சுற்றியிருக்கும் காற்று சூடாகி மேலே போகும்போது எடை குறைவாகக் காட்டும். புடம் போட்ட தங்கத்தை நாங்கள் ஆறவைத்துத்தான் வைப்போம்.

மேலூர் இயற்பியல்

இந்தச் சோதனைக் கல் விஷயம் இயற்பியலுக்கே நல்ல பாடம். மின்னணுத் தராசு உண்மையில் விசையைத்தான் உணர்கிறது, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. மதுரையில் சரிசெய்த தராசைக் கொடைக்கானலுக்கு, 2,100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 100 கிராம் கல்லை நூற்றில் சில பங்கு கிராம் குறைவாகக் காட்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அது கண்ணுக்கே தெரியும். அதனால் தராசை எந்த இடத்தில் பயன்படுத்துகிறோமோ அங்கேயே கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

டியூஷன் சார் கேட்டதற்கு வருகிறேன். கருவிகள் போதவில்லை என்பதை மறுக்க மாட்டேன். தேர்வு நாளில் பிள்ளை பயப்படுவதும் நியாயம்தான். ஆனால் மதிப்பெண் சூத்திரம், அட்டவணை, கணக்கீடு, முடிவு என்று பிரித்துத்தான் போடப்படுகிறது. 9.6 என்று முடித்த பிள்ளையின் அட்டவணை ஒழுங்காக இருந்தால் மொத்தமும் போவதில்லை. இந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லப் போகிறேன். அளவீடுகளைப் பேனாவால் மட்டும் எழுத வேண்டும், தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டினாலும் கருவி கொடுத்த முக்கிய எண்ணுருக்கள் வரை மட்டுமே எழுத வேண்டும். கடைசியில் எல்லாருடைய விடைகளையும் கரும்பலகையில் போட்டு, பரவலையும் சராசரியையும் வகுப்பே பார்க்கட்டும்.

டியூஷன் மாஸ்டர், அண்ணாநகர்

தேர்வு பற்றிய என் கவலை அப்படியேதான் இருக்கிறது டீச்சர். ஆனால் 10.8-ஐ நீங்கள் பிரித்துக் காட்டியது மனதில் நிற்கிறது. இனி பிள்ளை தப்பான விடையோடு வந்தால், மாற்றச் சொல்வதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று தேட வைக்கிறேன். அதற்கு ஆய்வகம் தேவையில்லை, டியூஷனிலேயே செய்யலாம்.

கப்பலூர் லேத்

டீச்சர், எங்களிடம் ஸ்லிப் கேஜ், அதாவது துல்லியமான தடிமனில் செய்த அளவுக் கட்டைகள், பழைய செட் ஒன்று இருக்கிறது. பட்டறைத் துல்லியத்துக்கு இனி ஆகாது, ஆனால் பள்ளித் திருகு அளவிக்குத் தாராளம். 5 மி.மீ. கட்டையும் 10 மி.மீ. கட்டையும் தருகிறேன். திருகு அளவியில் 5.00 வருகிறதா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை மேலூர் பக்கம் ஒரு டெலிவரி இருக்கிறது, பள்ளி வாசலில் கொடுத்துவிடட்டுமா?

மேலூர் இயற்பியல்

கட்டாயம் கொடுங்கண்ணே, பெரிய உதவி. சனிக்கிழமை மதியம் வரை பள்ளியில்தான் இருப்பேன். அதை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கப்பலூர் லேத்

வெறும் விரலால் முகத்தைத் தொடக் கூடாது, வியர்வை பட்டால் இரண்டே நாளில் துரு ஏறும். வேலை முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசி, தாளில் சுற்றி வையுங்கள். அடுத்த தடவை எண்ணெயைத் துடைத்த பிறகுதான் அளக்க வேண்டும். கீழே விழுந்தால் ஓரம் மேடாகிவிடும். அப்புறம் அதை அளவுக்கு எடுக்காதீர்கள், தனியாக வைத்துவிடுங்கள், நான் வேறு தருகிறேன்.